சிவந்த வேல்ஸ்: ஒரு சிறிய இயக்கத்தின் எழுச்சியும் தேய்வும்



வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில், மெர்தர் தித்வில் என்னும் இரும்பாலை நகருக்கு அண்மையில், ஹிர்வைன் என்றொரு மேய்ச்சல் நிலம் உண்டு. 1831-ஆம் ஆண்டுக் கோடையின் தொடக்கத்தில், கூலிக் குறைப்பாலும் கடன் நீதிமன்றம் வீடு புகுந்து நடத்திய பறிமுதல்களாலும் கொதித்தெழுந்த தொழிலாளர்கள், கன்றொன்றின் குருதியில் துணியைத் தோய்த்து அதனையே கொடியாக உயர்த்தினர் என்பது அம்மக்களின் வரலாற்று நினைவு. சில நாட்கள் மெர்தர் நகரம் அவர்கள் கையில் இருந்தது. படையினர் சுட்டதில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். படைவீரர் ஒருவரைக் காயப்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, டிக் பென்டெரின் என்று அறியப்பட்ட 23 வயதுச் சுரங்கத் தொழிலாளி அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் கார்டிஃப் நகரில் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்றே வேல்ஸ் மக்கள் இன்றுவரை நம்புகின்றனர்.

இந்நிகழ்வில் ஒரு செய்தி பெரும்பாலும் சொல்லப்படாமலே போகிறது. அன்று அக்கூட்டம் முழங்கிய மொழி வேல்ஷ். ஆலையிலும் சுரங்கத்திலும் சந்தையிலும் அதுவே பேசப்பட்டது. 150 ஆண்டுகள் கழிந்தபோது அதே நகரில் பிள்ளைகளின் வாயில் ஆங்கிலமே ஒலித்தது.

1987-ஆம் ஆண்டு உருவான ஒரு சிறிய இடதுசாரித் தேசிய இயக்கம் 'கம்ரி கோக்' என்று தனக்குப் பெயரிட்டுக்கொண்டது. 'சிவந்த வேல்ஸ்' என்பது அதன் பொருள். அது நடத்திய ஏட்டின் பெயர் 'அ வானெர் கோக்', அதாவது செங்கொடி. 16 ஆண்டுகளே தனித்து இயங்கிய அவ்வியக்கம் பாராளுமன்றத்திலோ பேரவையிலோ ஓர் ஆசனத்தைத்தானும் பெற்றதில்லை. எனினும் அது எழுப்பிய கேள்வி பெரிய கட்சிகள் தொடத் தயங்கிய கேள்வி: மொழியை இழந்துவிட்ட உழைப்பாளிக்கும் அந்தத் தேசத்தில் இடமுண்டா? உண்டெனில், அவனிடம் எந்த மொழியில், எதைச் சொல்லிப் பேசுவது?

இக்கேள்வியின் கனத்தை உணர்வதற்கு, வேல்ஸ் ஒரே நாடாயினும் இருவேறு உலகங்களாகப் பிளவுண்ட கதையை அறிதல் வேண்டும். 1901-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேல்ஷ் பேசினர். 1951-இல் அது 28.9 விழுக்காடாயிற்று. 1981-இல் 19 விழுக்காடு. இவ்வீழ்ச்சிக்குப் பள்ளிக்கூடம் ஒரு காரணம். 1847-ஆம் ஆண்டு, வேல்ஷ் அறியாத மூன்று ஆங்கிலேய ஆணையாளர்கள் அந்நாட்டின் கல்வியை ஆராய்ந்து, மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக் கேட்டுக்கும் அவர்களது மொழியையும் காரணமாகக் காட்டி அறிக்கை எழுதினர். நீலநிற அட்டையில் வந்த அந்த அறிக்கையை 'நீல நூல்களின் துரோகம்' என்றே வேல்ஷ் மக்கள் அழைக்கின்றனர். ஆயினும் மொழியை மாற்றியது அறிக்கை மட்டுமன்று. நிலக்கரி வெட்டுவதற்கென வேல்ஸ் நாட்டின் கிராமங்களிலிருந்தும், பின்னர் இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் மக்கள் பள்ளத்தாக்குகளை நோக்கித் திரண்டனர். 1920-இல் தென் வேல்ஸ் சுரங்கங்களில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். அத்தனை பேர் கலந்த இடத்தில் ஆங்கிலமே பொதுமொழியாயிற்று. பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்ற நல்லெண்ணத்தாலேயே வீட்டில் வேல்ஷ் பேசுவதை நிறுத்திய பெற்றோர் பல்லாயிரவர். அவர்களைப் பழிப்பது எளிது. ஆனால் அவர்கள் கண்ட உலகில் ஏணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இவ்வாறு மேற்கிலும் வடமேற்கிலும் வேல்ஷ் பேசும் உழவர், கற்சுரங்கத் தொழிலாளர், தேவாலயச் சமூகம் என ஓர் உலகமும், தெற்கே ஆங்கிலம் பேசும் தொழிற்சங்க உலகமும் அமைந்தன. 1925-இல் தோன்றிய 'பிளைட் கம்ரி' என்னும் தேசியக் கட்சி முதலாவது உலகத்தின் குரலாயிற்று. தொழிற்கட்சி இரண்டாவதன் குரலாயிற்று. 1944-இல் வேல்ஸ் குறித்து விவாதிப்பதற்கென்றே பாராளுமன்றம் முதன்முறையாக ஒரு நாளை ஒதுக்கியபோது, டிரெடிகர் நகரின் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அனைரின் பெவன், வேல்ஸ் செம்மறிக்கும் ஸ்கொட்லாந்துச் செம்மறிக்கும் தமக்கு வேறுபாடு தெரியவில்லை என்று ஏளனம் செய்தார். வர்க்கத்துக்குத் தேசமில்லை என்பது அவர் தரப்பு. செம்மறிகளின் கருத்தை எவரும் கேட்கவில்லை!

இவ்விரு உலகங்களையும் இணைக்க முயன்றோர் 'கம்ரி கோக்' தோழர்களுக்கு முன்னரும் இருந்தனர். 1949-இல் பிளைட் கம்ரியிலிருந்து பிரிந்த இளைஞர் சிலர் வேல்ஸ் குடியரசு இயக்கத்தைத் தொடங்கினர். கட்சி கிராமத்தையும் தேவாலயத்தையும் விட்டுச் சுரங்க வாயிலுக்கு வரவேண்டும் என்பது அவர்கள் வாதம். 1950-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஒக்மோர் தொகுதியில் அவர்களின் வேட்பாளர் இதெல் டேவிஸ் பெற்ற வாக்குகள் 613. 1957-உடன் அவ்வியக்கமும் அதன் ஏடும் மறைந்தன. அவ்வேட்டுடன் நெருங்கிய தொடர்புகொண்டிருந்த கவிஞர் ஹாரி வெப், ஆங்கிலம் பேசும் சுவான்சி நகரத்தில் பிறந்து வளர்ந்த பின் வேல்ஷ் மொழியைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். மொழி இழந்தவர் தேசத்துக்கு அந்நியரல்லர் என்பதற்கு அவரே வாழும் சான்றாயிருந்தார். இன்னொருவரான குவிலிம் பிரிஸ் டேவிஸின் கதை விந்தையானது. குடியரசு இயக்கம் தேய்ந்தபின் அவர் தொழிற்கட்சியில் இணைந்தார். 1966-இல் கார்மாதன் இடைத்தேர்தலில் பிளைட் கம்ரி தனது முதலாவது பாராளுமன்ற ஆசனத்தை வென்றபோது, குவின்வோர் எவன்ஸிடம் தோற்ற தொழிற்கட்சி வேட்பாளர் இவரே.

அடுத்த எழுச்சிக்கு ஒரு தோல்வியே வித்திட்டது. 1979-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள், வேல்ஸ் மக்களின் காவற் புனிதரான டேவிட் திருநாளன்று, வேல்ஸ் நாட்டுக்கு ஒரு பேரவை வேண்டுமா என்று கருத்துக்கணிப்பு நடந்தது. வேண்டும் என்றோர் 243,048 பேர். வேண்டாம் என்றோர் 956,330 பேர். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் தம் நாட்டுக்கெனத் தனிமன்றம் வேண்டாம் என்று சொன்ன நாள் அது. வேல்ஷ் பேசுவோர் ஆங்கிலம் பேசுவோரைக் கார்டிஃபில் இருந்து ஆள்வார்கள் என்ற அச்சம் தெற்கில் பரப்பப்பட்டது. தெற்கத்தியத் தொழிற்கட்சிக்காரர் தம் கிராமங்களை விழுங்கிவிடுவர் என்ற அச்சம் வடக்கில் நிலவியது. ஒரே வாக்குச்சீட்டில் இரு உலகங்களும் ஒன்றையொன்று அஞ்சி ஒரே விடையை எழுதின.

அவ்வாண்டு மே மாதத்தில் மார்கரெட் தாட்சரின் ஆட்சி அமைந்தது. 1980-இன் முற்பகுதியில் உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. வடகிழக்கு வேல்ஸில் ஷொட்டன் ஆலையில் மட்டும் உருக்கு உற்பத்தி நிறுத்தப்பட்டதால் 6,500-க்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். இக்கொந்தளிப்பிலிருந்து 1980-இல் வேல்ஸ் சோசலிசக் குடியரசு இயக்கம் பிறந்தது. வேல்ஷ் மொழி நாடகாசிரியர் கரெத் மைல்ஸும் ரொபர்ட் கிரிஃபித்ஸும் வேல்ஷ் மக்களுக்கான சோசலிசம் பற்றி எழுதிய சிறுநூல் அதன் கருத்தியல் அடித்தளமாயிற்று. மைல்ஸ் வேல்ஷ் மொழிக் கழகத்தின் தலைமையை வகித்தவர். மொழிப் போராட்டத்தின் நடுவிலிருந்து வந்த ஒருவர், ஆலை மூடப்படும் ஊரில் மொழி வாழாது என்று சொல்லத் துணிந்தார்.

இதே காலத்தில் வேறொரு தீயும் மூண்டிருந்தது. செல்வர் பலர் விடுமுறைக்கென வாங்கிக் குவித்த வீடுகளால் கிராமத்து இளையோர் சொந்த ஊரிலேயே குடியிருக்க வழியின்றித் தவித்தனர். 1979 டிசெம்பர் முதல் அத்தகைய வீடுகள் இரவில் எரியலாயின. 'கிளின்டூரின் மைந்தர்' என்ற பெயரில் 1990-களின் தொடக்கம்வரை 200-க்கு மேற்பட்ட தீவைப்புகள் நிகழ்ந்தன. 1980 மார்ச் 30, குருத்தோலை ஞாயிறு அன்று விடியற்காலையில் காவற்றுறையினர் நாடெங்கும் வீடுகளைச் சோதனையிட்டு ஏறத்தாழ 50 பேரைக் கைதுசெய்தனர். பெரும்பாலோர் குற்றச்சாட்டின்றி விடுவிக்கப்பட்டனர். தீவைத்தோர் அகப்படவில்லை. அதன்பின் நிகழ்ந்த வெடிகுண்டுச் சம்பவங்களை ஒட்டித் தொடரப்பட்ட சதி வழக்கு 1983-இல் கார்டிஃபில் விசாரிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டோரில் குடியரசு இயக்கத்தவரும் இருந்தனர். பெரும்பாலோர் விடுதலையாயினர். எனினும் திறந்த அரசியல் இயக்கம் ஒன்றுக்கு இத்தகைய வழக்கே தண்டனையாகிவிடுகிறது. உழைப்பும் பணமும் வழக்காடலில் கரைந்தன, ஆதரவாளர் அஞ்சி ஒதுங்கினர், தோழர்களிடையே ஐயம் புகுந்தது. இருட்டில் செய்யப்பட்ட செயல்களின் நிழல் பகலில் துண்டறிக்கை கொடுத்தவர்கள் மேல் விழுந்தது. எந்தச் சிறிய இயக்கத்தின் வரலாற்றிலும் இப்பகுதியே மிகவும் கசப்பானது.

1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மேலும் ஒரு பாடம் தந்தது. ஓராண்டு நீடித்த அப்போராட்டத்தில் தென் வேல்ஸ் சுரங்கத்தார் மிக உறுதியாக நின்றனர். வேல்ஷ் பேசும் மேற்குக் கிராமங்கள் பள்ளத்தாக்குகளுக்கு உணவும் நிதியும் அனுப்பின. செம்மறி பற்றிப் பெவன் சொன்னதைப் பொய்யாக்கியது பாராளுமன்ற உரையன்று, உருளைக்கிழங்கு மூட்டை. ஆனால் போராட்டம் தோற்றது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. எந்தத் தொழிலாளர் வர்க்கத்தை நம்பி இடதுசாரித் தேசியம் கட்டப்பட்டதோ, அந்த வர்க்கத்தின் வேலைத்தலமே கண்முன்னே மறைந்துகொண்டிருந்தது.

'கம்ரி கோக்' 1987-இல் எழுந்தது இந்த இடிபாடுகளுக்கு நடுவிலேதான். பழைய குடியரசு இயக்கத்தின் மரபை அது தொடர்ந்தது. செங்கொடி ஏடு அதன் முதுகெலும்பு. பெயர் வேல்ஷ் மொழியில் இருக்க, பக்கங்களில் ஆங்கிலமும் இடம்பெற்றது. அதுவே ஓர் அரசியல் நிலைப்பாடு. மொழியைக் காத்தவரிடம் மட்டும் பேசுவது எளிது. இழந்தவரிடம், அவரைக் குற்றவாளியாக்காமல், அம்மொழி அவருக்கும் உரியது என்று பேசுவது கடினம். இரண்டாவது சிறப்பு, சுதந்திரம் என்ற சொல்லை ஒளிக்காமல் சொன்னமை. 1999-ஆம் ஆண்டளவில்கூட, தமது கட்சி ஒருபோதும் சுதந்திரத்தைக் கோரியதில்லை என்று பிளைட் கம்ரித் தலைவர் டவித் விக்லி கூறிவந்தார். அக்கட்சி அச்சொல்லைத் தன் நீண்டகால இலக்காக ஏற்றது 2003-இலேதான். பெரிய கட்சி வாக்குகளை எண்ணிச் சொல்லத் தயங்கியதை, எண்ணுவதற்கு வாக்குகளே இல்லாத சிறிய இயக்கம் அச்சமின்றிச் சொல்லிற்று. சிறுமையின் சுதந்திரம் அது. சிறுமையின் குறையும் அதுவே.

1997 செப்ரெம்பர் 18 அன்று மீண்டும் கருத்துக்கணிப்பு. இம்முறை பேரவை வேண்டும் என்றோர் 559,419 பேர், வேண்டாம் என்றோர் 552,698 பேர். வெற்றி வெறும் 6,721 வாக்குகளால். தொழிற்கட்சி அரசில் வேல்ஸ் அமைச்சராயிருந்து அதனைச் சாதித்தவர் ரொன் டேவிஸ். அவர் பெயர் இக்கதையில் மீண்டும் வரும். 1999-இல் நடந்த முதலாவது பேரவைத் தேர்தலில் பிளைட் கம்ரி யாரும் எதிர்பாராத வண்ணம் ரொந்தா, இஸ்லுவின், லனெத்லி ஆகிய தொழிலாளர் தொகுதிகளை வென்று 17 ஆசனங்களைப் பெற்றது. மொழி இழந்த உழைப்பாளரின் வாக்கு தேசியக் கட்சிக்கு வரும் என்ற கருத்து மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அதை மெய்ப்பித்தது சிறிய இயக்கம் அன்று. கருத்து வென்றது, கருத்துக்காரர் வெளியே நின்றனர்.

தனித்து நிற்க இயலாதோர் கூட்டணி தேடுவது இயல்பு. 1990-களின் இறுதியில் 'கம்ரி கோக்' வேல்ஸ் சோசலிசக் கூட்டணியில் சேர்ந்தது. அங்கே இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இடதுசாரிக் குழுக்களும் இருந்தன. அவற்றுக்கு வேல்ஸ் ஒரு கிளை, 'கம்ரி கோக்' தோழர்களுக்கு அது ஒரு நாடு. அப்பிணக்கு தீரவில்லை, வெளியேறினர்.

அவ்வேளையில் நம்பிக்கை வடகிழக்கிலிருந்து வந்தது. ரெக்சம் நகரின் தொழிற்கட்சிப் பிரதிநிதியாக நீண்டகாலம் இருந்த ஜோன் மாரெக், உள்ளூர்க் கட்சியால் மீண்டும் வேட்பாளராக ஏற்கப்படவில்லை. 2003 மே மாதத்தில் அவர் சுயேச்சையாக நின்று, தம் பழைய கட்சியைத் தோற்கடித்தார். அதே மாதத்தில் ஸ்கொட்லாந்து சோசலிசக் கட்சி அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் 6 ஆசனங்களை வென்றிருந்தது. வேல்ஸிலும் அது நிகழலாம் என்ற கனவுடன் 2003-இன் இறுதியில் 'கம்ரி அம்லைன்', அதாவது 'முன்னேறும் வேல்ஸ்', உருவாயிற்று. 'கம்ரி கோக்' தன்னைக் கலைத்துக்கொண்டு அதில் இணைந்தது. தொழிற்கட்சியைவிட்டு நீங்கிய ரொன் டேவிஸும் வந்து சேர்ந்தார். 2004 யூனில் நடந்த ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் அவர் தலைமையிலான பட்டியல் 17,280 வாக்குகளைப் பெற்றது. 1950-இன் 613 வாக்குகளோடு ஒப்பிட்டால் பெருவளர்ச்சி. ஆயினும் நாட்டளவில் அது 1.9 விழுக்காடே. அதுவே உச்சம்.

ஸ்கொட்லாந்தில் இயன்றது வேல்ஸில் ஏன் இயலவில்லை என்பதற்கு ஆர்வம் மட்டும் அளவுகோலன்று, தேர்தல் முறையையும் நோக்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 7 பட்டியல் ஆசனங்கள். ஆகவே சிறிய கட்சியும் உள்ளே நுழைய இயன்றது. வேல்ஸில் அன்று ஒரு வட்டாரத்துக்கு 4 மட்டுமே இருந்தன. கதவு அத்தனை குறுகலானது. மேலும், வெளிப்படையான தேசியக் கட்சியொன்று ஏற்கனவே இடதுசாரி முகம் காட்டி நின்ற களத்தில், அதற்கும் இடப்புறத்தில் மிஞ்சிய நிலம் சிறிது.

இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. 'கம்ரி கோக்' சிறியதாயினும் கொள்கையால் கட்டுண்டது. 'கம்ரி அம்லைன்' ஒருவரது ஆசனத்தில் கட்டப்பட்டது. 2007-இல் மாரெக் ரெக்சம் தொகுதியைத் தொழிற்கட்சியிடம் இழந்தபோது கட்சியின் ஒரே பேரவைக் குரலும் நின்றது. அதே ஆண்டில் ஸ்கொட்லாந்து சோசலிசக் கட்சியும் உட்பூசலால் பிளவுண்டு தன் ஆசனங்கள் அனைத்தையும் இழந்தது. 2010-இல் 'கம்ரி அம்லைன்' கலைக்கப்பட்டது. அவ்வாண்டு மாரெக் பழமைவாதக் கட்சியின் பக்கம் சென்றார். செங்கொடி ஏற்றியவர்கள் தம் ஏட்டையும் அமைப்பையும் ஒப்படைத்த வீட்டின் தலைவர், தாட்சரின் கட்சியில் போய் நின்றார் என்பதைக் கேட்கும் இளையோர் நகைக்கலாம். இருபது ஆண்டு உழைப்பை அதில் இட்டவர்களுக்கு அது நகைப்புக்குரியதாக இருந்திராது. ரொன் டேவிஸ் 2011-இல் கேர்ஃபிலி தொகுதியில் பிளைட் கம்ரி வேட்பாளராக நின்று தோற்றார். முந்தைய தலைமுறையின் ரொபர்ட் கிரிஃபித்ஸ் 1998-இலேயே பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராகியிருந்தார். மைல்ஸ் 2023-இல் மறைந்தார்.

எனினும் கருத்து வேறு வீடுகளில் குடியேறியிருந்தது. 2012-இல் பிளைட் கம்ரியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லியான் வூட், ரொந்தாப் பள்ளத்தாக்கின் பெண், சோசலிசவாதி, குடியரசுவாதி. 2004-இல் அரசியாரைப் பேரவையில் 'திருமதி வின்ட்சர்' என்று குறிப்பிட்டமைக்காக அவையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். வேல்ஷ் மொழியில் முழுத்தேர்ச்சி இல்லாமல் அக்கட்சித் தலைமைக்கு வந்த முதலாமவரும் அவரே. 1949-இல் கட்சியிலிருந்து பிரிந்த இளைஞர்கள் கோரியது இத்தகைய தலைமையையே. 63 ஆண்டுகள் பிடித்தன.

2019 செப்ரெம்பர் 7 அன்று, சுதந்திர வேல்ஸ் கோரும் பேரணிகளுள் மூன்றாவது மெர்தர் தித்வில் நகரில் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அதனை ஒழுங்குசெய்த அமைப்புகள் வேறு, தலைமுறையும் வேறு. 1831-இல் கூட்டத்தின்மேல் துப்பாக்கி நீட்டப்பட்ட அதே நகரம், 1979-இல் பேரவையையும் வேண்டாம் என்ற அதே பள்ளத்தாக்கு.

2025 ஒக்ரோபர் 23 அன்று கேர்ஃபிலிப் பேரவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. பேரவை தோன்றிய நாள்முதல் தொழிற்கட்சியின் கையிலிருந்து நழுவாத தொகுதி அது. பிளைட் கம்ரி 47 விழுக்காடு வாக்குகளுடன் வென்றது. தொழிற்கட்சிக்கு 11 விழுக்காடே கிடைத்தது. வென்ற லின்ட்சே விட்டில், சதி வழக்கு நடந்த அதே 1983-இலிருந்து கேர்ஃபிலியில் நின்று நின்று தோற்றவர். வெற்றி வந்தபோது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.